சின்னவளைக் கோவாவுக்கு அனுப்பு

தக்கலை,
ஜூன் 2025

அன்புள்ள சேவியர்,

போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கை மட்டும் வருகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை நீ பாதியில் துண்டிக்க முடியாது, கேட்டியா.

இங்கே எல்லோரும் சுகம். ஒரு பாடு மழை. கொட்டாரத்துக்காரன் மகள் கல்யாணம் நல்லபடி முடிந்தது. நீ வராததற்கு அவன் சொன்ன வார்த்தைகளை எழுத மாட்டேன். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இப்போது பேப்பர் படிக்கிறாள். பேரனுக்கு என் முத்தம். பெரியவளை விசாரித்ததாகச் சொல்.

இனி விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் சின்னவள் குளச்சலிலிருந்து பஸ் ஏறி நேரே இங்கே வந்தாள். குடை இருந்தும் பாதி நனைந்திருந்தாள். “அத்தை, அப்பா வேண்டாம்னுட்டாரு” என்றாள், அவ்வளவுதான். கோவாவில் கடல்சார் புவி இயற்பியலில் முனைவர் பட்டத்துக்கு இடம், அதுவும் உதவித்தொகையோடு! நீ அவளிடம் மூன்று காரணம் சொன்னாயாமே. வேலைக்கு உத்தரவாதம் இல்லை, பெண்பிள்ளை கப்பலில் போகக் கூடாது, கடலுக்கு அடியில் கிடக்கிற கல்லை ஆராய்ந்து மனுஷனுக்கு என்ன பிரயோஜனம். உனக்கு எழுதச் சொல்லி அவள் என்னிடம் கேட்கவில்லை. மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று ராத்திரி உறக்கம் வரவில்லை.

வேலையைப் பற்றி முதலில் பேசி முடிக்கிறேன். உதவித்தொகை ஐந்து வருடம் வரும். அதன் பிறகு ஆய்வு நிலையங்கள், எண்ணெய்த் துரப்பணம், பல்கலைக்கழகம் என்று வழிகள் உண்டு. நானும் இதே கடல் ஆராய்ச்சி வேலையில்தான் இருந்தேன், அந்தச் சம்பளத்தில்தான் தம்பிகளைப் படிக்க வைத்தேன், இந்த வீட்டைக் கட்டினேன். உனக்குத் தெரியாததா?

அவள் வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். பரணிலிருந்து என் பழைய தகரப் பெட்டியை இறக்கினோம். அதற்குள் ஒரு காகிதச் சுருள். அரபிக்கடலுக்கு அடியில் ஓடுகிற கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரைக் கப்பல் குறுக்கே கடந்த ஓர் இரவில், காந்தத்தை அளக்கிற காந்தமானி எழுதிய கோட்டின் நகல். கப்பலின் இரும்பு கெடுத்துவிடக் கூடாது என்று காந்தமானியை நீளக் கம்பியில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போவோம். எங்கள் காலத்துக் கருவிக்குள்ளே இருந்தது என்ன தெரியுமா? ஒரு குப்பி மண்ணெண்ணெய்! அதிலுள்ள புரோட்டான்கள் பூமியின் காந்தத்துக்கு ஏற்பத் தலையாட்டும். அந்த ஆட்டத்தின் வேகத்தை அளந்தால் காந்தத்தின் வலிமை தெரிந்துவிடும். உன் மகள் சுருளைத் தரையில் விரித்து, மண்டியிட்டு, விரலால் தடவிக்கொண்டே போய் தொடரின் நடுவை அவளே கண்டுபிடித்தாள். பிறகு அந்த இடத்தில் காகிதத்தை மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அது மெதுவாக விரிகிற கரடுமுரடான தொடர், முழுக்க ஒத்துவராது. ஆனாலும் ஒரு பக்கத்து மேடுபள்ளம் மறுபக்கத்து மேடுபள்ளத்தின் மேலே வந்து உட்கார்ந்ததை இரண்டு பேரும் பார்த்தோம். “அத்தை!” என்று கத்தினாள். நான் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை அது.

கடலின் நடுவே தரை பிளந்து எரிமலைக் குழம்பு மேலே வருகிறது. ஆறும்போது அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தத் திசையில் இருந்ததோ அதைத் தனக்குள் பதித்துக்கொள்கிறது. புதுக்குழம்பு வந்து பழையதை இரு பக்கமும் தள்ளுகிறது. லட்சக்கணக்கான வருடத்துக்கு ஒருமுறை வடக்கும் தெற்கும் மாறும்போது பதிவும் மாறுகிறது. அப்படி நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே வரிசையில் பட்டைகள். அமெரிக்காவில் ஹாரி ஹெஸ், கடல்தரை விரிகிறது என்று 1962இல் எழுதியபோது அதைத் தானே ‘புவிக்கவிதை’ என்றுதான் சொல்லிக்கொண்டார், சான்று கிடையாது. சான்று கிடைத்தது எங்கே? நம் அரபிக்கடலில். அதே 1962இல் ‘ஓவன்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் கார்ல்ஸ்பெர்க் தொடரில் ஒரு சிறு துண்டை அளந்தது. அதை வைத்து ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் 1963இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வைனுக்கு அப்போது 24 வயது, மாணவன். கனடாவில் லாரன்ஸ் மார்லி என்பவர் அதே யோசனையை அதே வருடம் தனியாக எழுதி அனுப்பினார். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. உன் மகளுக்கு இப்போது 23.

இனி கப்பல். அட்லாண்டிக்கின் அடித்தளத்தை முதலில் வரைந்த மேரி தார்ப்பை, பெண் என்பதால் பல வருடம் ஆய்வுக் கப்பலில் ஏற்றவே இல்லை. 1950களில் அவர் கரையில் மேசை முன்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் கொண்டுவந்த ஆழக் கணக்குகளை வைத்தே, நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் நெடுக ஒரு பிளவு ஓடுவதைக் கண்டுபிடித்தார். கூட வேலை செய்த ஹீசனே முதலில் அதைப் பெண் பேச்சு என்று தள்ளினார். பிறகு நிலநடுக்கப் புள்ளிகள் அந்தப் பிளவின் மேலேயே வரிசையாக விழுந்தபோது ஒப்புக்கொண்டார். அது அந்தக் காலம். நம் நாட்டிலிருந்து சுதீப்தா சென்குப்தாவும் அதிதி பந்தும் 1983இலேயே அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அந்த வருடம் வந்த சாகர் கன்யா கப்பலில் பிறகு நானும் போனேன். முதல் பயணத்தில் பெண்களுக்கு ராத்திரி முறை வேண்டாம் என்று ஓர் அதிகாரி முறைத்துக்கொண்டு நின்றார். அடுத்த பயணத்தில் ராத்திரி முறையை என்னிடமே கொடுத்தார்கள்.

நான் எப்படிப் போனேன் என்று நினைவிருக்கிறதா சேவியர்? என் அப்பா முடியாது என்று சொன்ன அன்று, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, காப்பி ஆறிப் போகிற வரைக்கும் பேசினது யாரு? “மாமா, கடல் எங்களுக்குச் சோறு போடுது, அவளையும் ஒண்ணும் செய்யாது, போகட்டும்.” உன் வார்த்தைதான். மீசை சார் சொல்லிக்கூட அசையாத மனுஷன் நீ சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சேவியர் ஏன் மாறினான் என்றும் எனக்குத் தெரியும். நீ சொன்ன மூன்று காரணத்திலும் அது இல்லை. 2004 டிசம்பர் 26. உன் தம்பி.

இதை நான் உன்னிடம் இத்தனை வருடமாகப் பேசியதில்லை. இன்றைக்குப் பேசுகிறேன், பொறுத்துக்கொள். அன்று காலை 6.29க்கு சுமத்ராவுக்குப் பக்கத்தில், இந்தியத் தட்டு, அதாவது நம் நாட்டைச் சுமந்து நகர்கிற பூமியோட்டுத் துண்டு, பக்கத்துத் தட்டின் அடியில் நுழைகிற இடத்தில், நெடுங்காலம் சிக்கி நின்ற விளிம்பு 1,200 கிலோமீட்டருக்கு மேல் விடுபட்டது. குளச்சல் சுமத்ராவுக்கு முதுகைக் காட்டி அரபிக்கடலைப் பார்த்து நிற்கிற ஊர். அப்படியும் அலை இலங்கையைச் சுற்றி வளைந்து வந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்தத் தண்ணீர் வழியில் இருந்தது. கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் ஒருவருக்கும் ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் இந்தியப் பெருங்கடலில் சொல்வதற்கென்று ஓர் ஏற்பாடே அப்போது இல்லை. 2007 அக்டோபரில்தான் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11இல் அதே கடலில் 8.6 அளவில் நடுங்கியபோது சில நிமிடங்களில் கரையெல்லாம் தகவல் போய்விட்டது. தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் தண்ணீர் பெரிதாக எழும்பவில்லை.

உன் மகள் படிக்கப் போவது இதைத்தான். நமக்குத் தெற்கே, இலங்கையையும் தாண்டி, தட்டின் நடுவிலேயே கடல்தரை மடிந்து முறிந்துகொண்டிருக்கிறது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே தட்டு என்று நாங்கள் படித்தோம். அவை பிரிகின்றன என்று இப்போது தெரிகிறது. அது எப்படி, எந்த வேகத்தில் என்பதற்கு இன்னும் அளக்க வேண்டியது நிறைய. சித்தப்பாவைப் போட்டோவில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டேன். “தெரிஞ்சுக்கணும் அத்தை” என்றாள்.

பிரயோஜனம் என்ன என்று கேட்டாய் அல்லவா, அதற்கும் ஒருவரைச் சொல்கிறேன். உன் பேர்தான் அவருக்கும். சேவியர் லெ பிஷோன், பிரெஞ்சுக்காரர், இந்த மார்ச்சில் இறந்துவிட்டார். செய்தி பார்த்த அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கடல்தரை விரியவில்லை என்று ஆய்வேடு எழுதி முடித்தவர். ‘எல்டானின்’ என்ற கப்பல் பசிபிக்கில் எடுத்துவந்த காந்தக் கோட்டை 1966இல் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், “என் ஆய்வேட்டின் முடிவுகள் தப்பு, ஹெஸ் சொன்னதுதான் சரி” என்று மனைவியிடம் சொன்னார். இரண்டே வருடத்தில், 1968இல், பூமி முழுவதையும் ஆறு பெரிய தட்டுகளாகப் பிரித்து அவை எப்படி நகர்கின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தியப் பெருங்கடலின் காந்தப் பட்டைகளைப் பற்றியும் அந்த வருடமே ஹெயர்ட்ஸ்லர் என்ற இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து எழுதினார். புகழின் உச்சியில் இருந்தபோது, 1970களின் தொடக்கத்தில், நீ கேட்ட கேள்வியை அவரே தன்னிடம் கேட்டுக்கொண்டார். ஆராய்ச்சியை விட்டுவிடும் எண்ணத்தோடு கல்கத்தாவுக்கு வந்து, அன்னை தெரசாவின் சகோதரிகளோடு சாகக் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பிப் போனார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு ஒரே வளாகத்தில் குடும்பத்தோடு பல பத்தாண்டு வாழ்ந்தார், ஆராய்ச்சியையும் கடைசிவரை விடவில்லை. கடலுக்கு அடியில் கிடக்கிற கல்லும் மனுஷனும் அவருக்கு ஒன்றை விட்டு ஒன்று போகவில்லை, சேவியர். எனக்கும் அப்படித்தான். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தேன், ஒரு காலையில்கூட எதற்கு எழுந்தோம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

உன் அப்பா கணியம் பார்ப்பதை நீதான் எனக்குக் காட்டினாய். ஆலயக் கோபுரம் எந்த மலைக்கு நேரே வருகிறது, அதற்குக் குறுக்கே வேறு எந்த அடையாளம் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது, இரண்டும் கூடுகிற இடத்தில் நங்கூரத்தை இறக்குவார். வள்ளம் சரியாக, கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத்திட்டுக்கு, அந்தப் பாருக்கு, மேலே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத கடல்தரையைத் தலைக்குள் வைத்திருந்த மனுஷன். அவர் பேத்தியைப் பிடித்துவைத்து கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்க்கப் பார்க்கிறாய். சவத்த விடு அந்த யோசனையை.

ஜூலை முடிவதற்குள் அவள் சேர வேண்டும், சான்றிதழில் உன் கையெழுத்தும் தேவை. திருவனந்தபுரத்திலிருந்து நேத்ராவதியில் மட்காவ் போகலாம் என்று நினைக்கிறேன். நான் அவளோடு போகிறேன், அங்கே என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விடுதியையும் பார்த்துவிட்டு வருவேன். நீயும் வந்தால் மூன்று டிக்கெட்டாகப் போடுகிறேன். இரண்டா மூன்றா என்று மட்டும் எழுது. கும்பிடுகிற கை வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி