என்னை எழுப்பிய பிள்ளைக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி போனில் நீ அழுதுகொண்டே "எனக்கு இந்த ஜிம் டிரெய்னர் வேலை ஒத்துவராதுப்பா, ஊருக்கே வந்துடறேன்" என்று சொன்னபோது எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் உங்க அம்மா என்னை ஒரு பிடி பிடித்தாள், பிள்ளை அழுகிறாள், இந்த மனுஷன் சாப்பிட்டியான்னு கேட்கிறார் என்று. அதனால்தான் இது. தம்பி போனில் தமிழில் டைப் அடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறான், விடியற்காலையிலிருந்து ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வருவதென்றால் வா. வீடு உன்னுடையது, அதில் பேச்சே இல்லை. ஆனால் "வேண்டாம்" என்று முடிவு செய்து வருகிறவள் ஒரு மாதிரி வருவாள், "முடியாது" என்று நினைத்து வருகிறவள் வேறு மாதிரி வருவாள். நேற்று நீ வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முடியாது என்று நாலு தடவை சொன்னாய். எண்ணினேன், மூட்டை எண்ணிய பழக்கம்.

ஜிம்மில் அந்த மேனேஜர் எல்லார் முன்னாலும் "ஆளைப் பார்த்தா டிரெய்னர் மாதிரியே இல்லையே" என்று சொன்னதும், உன்னிடம் பயிற்சி எடுத்தவர் கை பெருத்த ஒரு பையனிடம் மாறிப்போனதும் வலிக்கத்தான் செய்யும். எனக்கே ராத்திரி தூக்கம் வரவில்லை, பஸ் ஏறி வந்து அந்த ஆளை நாலு கேள்வி கேட்கலாமா என்றிருந்தது. (அம்மாதான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.) ஆனால் பாப்பா, ஆளைப் பார்த்துத் தூக்குவானா மாட்டானா என்று சொல்கிறவர்களை நான் நம்ம ஓல்டு டவுனில் (ஓ.டி.) மூட்டை தூக்கிய இருபத்தேழு வருடமும் பார்த்திருக்கிறேன். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வார்கள்.

நான் வேலைக்குப் போன புதிதில் நம்ம ஊரில் கப்பல் கடலுக்குள்ளேயே நிற்கும், சரக்கு படகில்தான் கரைக்கு வரும். அங்கிருந்து குடோனுக்குத் தலைச்சுமை. சர்க்கரை மூட்டை அப்போது நூறு கிலோ. எனக்கு உடம்பு ஊதினால் பறக்கிற மாதிரி இருக்கும், மூட்டை தலைக்கு வருவதற்கு முன்னாலேயே முழங்கால் ஆடும். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார். "உன்னால முடியும்டா" என்றெல்லாம் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு வாரம் கிழிந்து பாதி கொட்டிப்போன மூட்டைகளை மட்டும் எனக்கு ஒதுக்கினார். மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் முக்கால் மூட்டை. சும்மாடு சுற்றுவதை அவரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், துண்டை முறுக்கி வளைத்து முனையை உள்ளே செருகுவதை. சும்மாடு வைத்தால் மூட்டையின் எடை ஒரு கிராம்கூடக் குறையாது, ஆனால் அது இல்லாமல் பத்தடி தாண்ட முடியாது. மூன்றாவது வாரம் முழு மூட்டை என் தலையில் இருந்தது, நான் நடந்துகொண்டிருந்தேன், எப்போது ஏற்றினார்கள் என்றே சரியாக ஞாபகம் இல்லை. எத்தனை மூட்டை என்று குடோன் கதவில் சுண்ணாம்பால் கோடு போடுவார்கள், நாலு கோடு, அஞ்சாவது குறுக்கே. அன்று சாயங்காலம் என் பேருக்கு நேரே இருந்த கோடுகளை ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

நீ சர்டிபிகேட் பரீட்சைக்குப் படிக்கும்போது வாசல் திண்ணையில் உட்கார்ந்து இங்கிலீஷில் வாசித்து எங்களுக்குத் தமிழில் சொல்வாயே, பாண்டுரா என்று ஒரு மனோதத்துவ நிபுணர், 1977-ல் எழுதினார் என்று. தன்னால் முடியும் என்ற எண்ணம் ஒருத்தனுக்கு நாலு வழியில் வருகிறதாம்: தானே செய்து முடித்தது, தன்னைப் போல ஒருத்தன் செய்வதைப் பார்த்தது, நம்புகிற ஆள் சொன்னது, அப்புறம் தன் உடம்பு படபடக்கிறதா அமைதியாக இருக்கிறதா என்பதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. நாலிலும் முதலாவதுக்குத்தான் வலு அதிகம் என்றாய். நான் அன்றைக்கே சொன்னேன், இது எங்க மேஸ்திரிக்குத் தெரியுமே என்று. நீ சிரித்தாய். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதே நம்பிக்கை தலைக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதற்கும் உன் அப்பாதான் சாட்சி. நீ அஞ்சாம் கிளாஸ் படிக்கும்போது, ஒரு டீக்கும் பஜ்ஜிக்கும் பந்தயம் கட்டி ஐம்பது கிலோ மூட்டை ரெண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏணிப்பலகை ஏறினேன். நாலாவது படியில் இடுப்பில் கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. டிஸ்க். அதற்கப்புறம் பல வருடம் நான் குனியவே இல்லை. டாக்டர் ஆறு மாதத்திலேயே நடக்கலாம், குனியலாம், மெதுவாகப் பழகுங்கள் என்றார். எனக்குத்தான் பயம். கீழே விழுந்த பத்து ரூபாயை எடுக்க உன் தம்பியைக் கூப்பிடுவேன்.

அப்போதுதான் நீ வந்தாய். கோர்ஸ் முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அதன்மேல் ஆயாவின் தலையணை ரெண்டை அடுக்கி, "உட்காருங்க, எழுந்திரிங்க, அவ்வளவுதான்" என்றாய். எழும்போது மூச்சை அடக்காதீங்க, விடுங்க என்றாய். முதல் நாள் அஞ்சு தடவை. நீ எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாய், முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது, ஏனென்றால் என் முகத்தில் பயம் அப்படியே எழுதியிருந்தது. ஒவ்வொரு தடவைக்கும் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டாய். எட்டாம் நாள் ஒரு தலையணையை எடுத்துவிட்டாய், நான் கவனிக்கவில்லை. மூன்றாவது வாரம் ரெண்டும் இல்லை. அப்புறம் ஆயாவின் முக்காலி. ஒரு நாள் தரையில் கிடந்த தீப்பெட்டியை நானே எடுத்தேன், எடுத்த பிறகுதான் எடுத்துவிட்டேன் என்று தெரிந்தது. அந்தக் கரிக்கோடுகள் இன்னும் சுவரில் இருக்கின்றன, போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரை அம்மா அந்த இடத்தைத் தொடவிடவில்லை.

நாற்பது கிலோ டம்பெல்லைத் தூக்கிக் காட்டுகிற பையனால் இதைச் செய்திருக்க முடியுமா? செய்திருக்கலாம், நல்ல பையனாகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. நீ செய்தாய், அது எனக்குத் தெரியும்.

போன மாதம் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னதும் பயிற்சியை அங்கேயே நிறுத்தி, டாக்டர் சீட்டு இல்லாமல் தொடமாட்டேன் என்று நின்றாயே, மேனேஜர் முகம் சுளித்தும் அசையவில்லையே. அன்று நிற்க முடிந்தவளுக்கு, அந்த ரிட்டயர்ட் டீச்சரம்மா மாசம் எவ்வளவும்மா என்று கேட்டபோது மட்டும் ஏன் குரல் இறங்கியது? "நீங்க பார்த்துக் கொடுங்க மேடம்" என்றாயாம். அடி அசடே. கூலி பேசும்போது குரல் இறங்கினால் எதிராளி நம்மை இரக்கமாகப் பார்க்கமாட்டான், வேலை சுமாராக இருக்கும்போல என்று நினைப்பான். நாங்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்ப்போம். நீயும் பன்னிரண்டு வகுப்புக்கு எட்டாயிரம் என்றால் எட்டாயிரம் என்று சொல்லிவிட்டு, "அதிகம்னா குறைச்சுக்கலாம்" என்று நீயே சேர்க்காதே. அவர் குறைக்கச் சொல்லட்டும், அப்போது பார்ப்போம்.

டிவியில் பளு தூக்குகிற மீராபாய் சானுவை நாம் சேர்ந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் விறகுக்கட்டு தூக்கிய பெண் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், நம்ம ஜாதி, சுமை தூக்குகிற ஜாதி. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க், அதாவது முதலில் தோளுக்கு, அப்புறம் தலைக்கு மேலே தூக்குவது, அதில் மூன்று முயற்சியும் போய்விட்டது, கணக்கிலேயே வரவில்லை. அடுத்த வருடம் உலக சாம்பியன். டோக்கியோ ஒலிம்பிக்கில் ரெண்டு வகைத் தூக்கும் சேர்த்து 202 கிலோ, வெள்ளி. அத்தோடு கதையை நிறுத்தினால் நன்றாக இருக்கும், ஆனால் 2024-ல் பாரிஸில் 199 தூக்கி ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் தவறி நாலாவதாக வந்தாள். நம்பிக்கை இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று உனக்குச் சொல்லமாட்டேன், அந்தப் பெண்ணுக்கு இல்லாத நம்பிக்கையா? ஆனால் ரியோவோடு வீட்டுக்குப் போயிருந்தால் அந்த ஒரு கிலோவைத் தவறவிடக்கூட அவள் அங்கே இருந்திருக்கமாட்டாள்.

சரி, நீ என்ன செய்வாயோ செய். ஒரு நோட்டு வாங்கி, உன்னிடம் வந்தவர்கள் முதல் நாள் எப்படி இருந்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள் என்று எழுதி வைத்தால் நல்லது. மாடிப்படி ஏறத் தொடங்கியவர், முட்டி வலி குறைந்தவர், யாராக இருந்தாலும். முதல் பக்கத்தில் என்னைப் போட்டுக்கொள், காசு கொடுக்காத வாடிக்கையாளர் என்று. நெத்திலிக் கருவாடும் மிளகாய்ப் பொடியும் நாளை பார்சல் போடுகிறோம், ஜிம்முக்குப் போகும்போது பையில் வைக்காதே, போன தடவை மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ஒரு சந்தேகம், பதில் போடு. இன்று காலை முக்காலியிலிருந்து பதினைந்து தடவை எழுந்தேன். பன்னிரண்டாவதிலிருந்து வலது முட்டியில் டக் டக் என்று சத்தம், வலி இல்லை. நாளைக்கும் பதினைந்தா, குறைக்கவா?

அப்பா
கடலூர் ஓ.டி.