நேரடி இசை என்று டிக்கெட் விற்று, ரெக்கார்டு போட்டு ஓட்டிய நாடகம்: பணத்தைத் திருப்பித் தரவும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன், மெயில், உங்கள் ஆப்பில் இருக்கும் சாட் என்று எல்லா வழியிலும் கேட்டு ஓய்ந்துபோய்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரைக்கும் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று இன்னொரு மெசேஜ் அனுப்ப வேண்டாம், அந்த மெசேஜ் வந்து இதுவரை எதுவும் நடக்கவில்லை.

எந்த மண்டபம், எந்தத் தேதி, எந்த சீட் எல்லாம் உங்கள் கணினியில் இருக்கும், நீங்கள் விற்றதுதானே. தஞ்சாவூரில் நடந்த அந்த வள்ளி திருமணம், கோல்டு வரிசை, இரண்டு டிக்கெட். எனக்கு நாடகம் பார்க்கும் பழக்கமே கிடையாது, அன்றைக்குப் போக மனசும் இல்லை. அப்பாவுக்காகப் போனேன். அவர் வாலிபத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் ஸ்பெஷல் நாடகம் என்கிற விடிய விடிய நடக்கும் இசை நாடகங்களுக்கு மிருதங்கம் வாசித்தவர், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டெல்லாம் இன்றைக்கும் அவருக்கு மனப்பாடம். "ஆர்மோனியம், மிருதங்கத்துடன் நேரடி இசை" என்று உங்கள் பக்கத்தில் போட்டிருந்ததை என் மகள் படித்துக் காட்டிய பிறகுதான் வருகிறேன் என்றார். முட்டி வலியோடு பஸ் ஏற முடியாது என்பதால் பாபநாசத்திலிருந்து கார் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆறு மணி என்று போட்டு ஏழரைக்கு மேல்தான் திரையைத் தூக்கினார்கள், அதைக்கூட விட்டுவிடுகிறேன். மேடை ஓரத்தில் ஆர்மோனியம் இருந்தது, அதன் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஆனால் துருத்தியில் வைத்த கை அசையவே இல்லை, சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. தினைப்புனத்தில் பறவைகளை விரட்டி வள்ளி ஆலோலம் பாடுகிற இடத்தில் குரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பெண் திரும்பி நின்று கழன்ற பூவைத் தலையில் செருகிக்கொண்டிருந்தார். நாரதர் வந்ததும் ரெக்கார்டு சிக்கிக்கொண்டு, பேசிய வரியையே மறுபடியும் பேசியது, நாரதர் வாயை மூடிக்கொண்டு நின்றார். அதுவரைக்கும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அப்பா கையை எடுத்துவிட்டு, "தம்பி, இது டேப்புப்பா" என்றார்.

அந்த நாடகத்துக்கு உயிரே நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம்தான். அவர் ஒன்று கேட்பார், இவர் அந்த நிமிஷத்திலேயே பதில் கட்டிப் பாடுவார், நடிக்கிற ஆளைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும், அதற்காகவே ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். முன்கூட்டியே பதிவு செய்த குரலில் எங்கே தர்க்கம் நடக்கும்? நாடகம் நடிப்பதற்கு வருஷத்துக்கு 120 கலம் நெல் கொடுத்த கல்வெட்டு பெரிய கோயிலில் இருக்கிறது. அந்த ஊருக்கு வந்து இதைச் செய்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் ஆட்கள் பேசியதற்கு வருகிறேன். கஸ்டமர் கேரில் பேசிய அந்தப் பெண், நான் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்ன பிறகு, "உங்க அப்பாவுக்குக் காது சரியா கேக்குதா சார்? வயசானவங்களுக்கு எது லைவ், எது ரெக்கார்டிங்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ஆயுசில் பாதியை மிருதங்கத்தோடு கழித்த மனுஷனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? போன் ஸ்பீக்கரில் இருந்தது, அப்பா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். "கால் ரெக்கார்டு செய்யப்படுகிறது" என்று நீங்களே சொல்கிறீர்கள் இல்லையா, அதை எடுத்துக் கேளுங்கள். நான் ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நாங்கள் டிக்கெட் விற்கிற தளம் மட்டும்தான், நாடகத்துக்கு ஏற்பாட்டாளரைக் கேளுங்கள் என்கிறீர்கள். ஏற்பாட்டாளரைக் கேட்டால் பணம் தளத்திடம்தான் இருக்கிறது என்கிறார். டிக்கெட் 499 ரூபாய், 500 வரைக்கும் நாடகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, சரி. அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று ஒன்று, அதற்கு 18 சதவீதம் வரி என்று தனியாகப் பிடித்தீர்களே, அந்தச் சேவை எது? போட்ட விளம்பரம் உண்மையா என்றுகூடப் பார்க்காமல் எதற்குக் கட்டணம்?

திருச்சி அலுவலகத்துக்கு நேரில் வந்தால் தீர்த்து வைக்கிறோம் என்று உங்கள் ஆளே சொல்லி அழைத்ததால் வந்தேன். குறுவை நெல்லை அறுத்துக் களத்தில் குவித்திருந்த நேரம். அன்றைக்குத்தான் அரசு நெல் வாங்குகிற நேரடி கொள்முதல் நிலையத்தில் என் முறை. மத்தியானம் வரைக்கும் உட்கார வைத்துவிட்டு, மேனேஜர் லீவு, அச்சடித்த டிக்கெட் கொண்டு வாருங்கள் என்று அனுப்பினீர்கள். மொபைலில் மட்டுமே டிக்கெட் கொடுத்த நீங்கள் கேட்கிற அச்சடித்த டிக்கெட்டுக்கு நான் எங்கே போவேன்? அன்று ராத்திரி மழை கொட்டியது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள், மறுபடி காய வைத்து, கூலி கொடுத்து, மிச்சத்தை வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளினேன். இந்தக் குறுவையே போச்சு. இதற்கும் உங்கள் நிறுவனம்தான் பொறுப்பு.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் பதிவு செய்த ஓரத்து சீட்டில் யாரோ பிரமுகர் வீட்டு ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். காலை நீட்ட முடியாமல் அப்பா நடுவில் மாட்டிக்கொண்டார்.

எனக்குச் சண்டை போட ஆசையில்லை. சேவைக் கட்டணத்தோடு சேர்த்து முழுப் பணம், கார் வாடகை, நெல்லில் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஒரு நியாயமான தொகை, இவை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காது கேக்குதா என்று கேட்ட அந்தப் பெண்ணோ அவருடைய மேலதிகாரியோ என் அப்பாவிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகாரைப் பதிவு செய்வேன், அப்புறம் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. உங்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அசையாத ஆர்மோனியத்தை நான் எடுத்த வீடியோ இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

அந்த நிலைமை வராமல் நீங்களே முடித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். பகலில் வயலில் இருப்பேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அப்பாவும் அப்போது வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
பாபநாசம் வட்டத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்