ஒரு ட்ரெயினிங் இடமும் ஒரு கட்டு போர்ஹோல் லொக்கும் தாருங்கள்

கொழும்பில் மண் பரிசோதனை, பைலிங், துறைமுக வடிவமைப்பு நிறுவனங்களை நடத்துவோருக்கும், பல்கலைக்கழகங்களின் கைத்தொழில் பயிற்சிப் பிரிவினருக்கும்,

வணக்கம். அடுத்த பட்ச் மாணவர்கள் சீவியை இணைத்து உங்கள் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். கடலுக்குள் போடும் அத்திவாரங்களைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் குடிசார் பொறியியல் மாணவருக்கு நிறுவனத்துக்கு ஒரு இடமாவது ஒதுக்குங்கள். சைட்டில் நிற்கும் இடமாக இல்லாமல், ஒரு கேள்வியை எடுத்து ஆறு மாதம் அதன் பின்னால் போகக்கூடிய ஆய்வு இடமாக அது இருக்கட்டும். கூடவே, துளையிட்டுப் பார்த்த மண் படைகளின் பதிவுகளான போர்ஹோல் லொக்குகளையும் அவருக்குத் தாருங்கள்.

இப்போது நடப்பது உங்களுக்கே தெரியும். கொள்ளுப்பிட்டியிலோ பம்பலப்பிட்டியிலோ மாடி எழும்பும் ஒரு சைட்டுக்குப் போய், கம்பி எண்ணி, கொங்கிரீட் கியூப் வார்த்து, ஸ்லம்ப் (கொங்கிரீட்டின் இளக்கம்) பார்த்து, பின்னேரம் ட்ரெயினிங் டயறியை நிரப்பிக் கையெழுத்துக்குக் காத்து நிற்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பென்ரனைட் களிக்குழம்பு நிரம்பிய துளைக்குள் ட்ரெமி குழாய் வழியாகக் கொங்கிரீட் இறங்குவதை ஒரு தரமாவது நேரில் பார்க்காத ஆள் பைல் (நிலத்துக்குள் இறக்கும் அத்திவாரத் தூண்) வரைவது ஆபத்து, பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சைட்டுத்தான் சரி. ஆனால் பட்ச்சில் ஓரிருவர் வேறு மாதிரி இருப்பார்கள், அவர்கள் வந்து கடல் அத்திவாரம் என்று வாயைத் திறந்ததும் நாங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அதுக்கெல்லாம் இலங்கையில எங்க தம்பி வேலை?"

இந்தப் பதிலைக் காலிமுகத்திடலில் நின்றுகொண்டு சொல்லிப் பாருங்கள். கண்ணெதிரே 269 ஹெக்டேயர் கடல், துறைமுக நகரம் என்ற பெயரில் நிலமாகக் கிடக்கிறது. கடலடியில் இருந்து அள்ளிய மணலைக் கொட்டி, அதை அதிரவைத்து இறுக்கி எடுத்த நிலம் அது. பக்கத்தில் தெற்குத் துறைமுகத்தின் அலைதாங்கி கிலோமீற்றர் கணக்கில் நீள்கிறது. வடக்கே மன்னார்த் தீவில் 2020இல் திறந்த தம்பபவனி காற்றாலைகள் கடலை ஒட்டியே நிற்கின்றன. இலங்கைக் கடலுக்குள் காற்றாலை அமைப்பதற்கான பாதை வரைபடம் ஒன்றை உலக வங்கிக் குழுமம் 2023இல் வெளியிட்டது. அது நாளைக்கே நடக்கும் என்று நான் சொல்லவில்லை, எங்கள் நாட்டில் எது நாளைக்கு நடந்திருக்கிறது? ஆனால் நடக்கிற அன்றைக்கு அத்திவார வடிவமைப்பை முழுக்க வெளியில் இருந்து வருபவர்கள் செய்ய, நாங்கள் வள்ளம் பிடித்துக் கொடுக்கிறவர்களாகவும் பெர்மிட் எடுத்துக் கொடுக்கிறவர்களாகவும் மட்டும் நிற்பதா என்பதுதான் என் கவலை.

"பைல் எண்டால் பைல்தானே, தரையில போட்டால் என்ன, கடலில போட்டால் என்ன" என்று ஒரு மூத்த பொறியியலாளர் என்னிடம் கேட்டார். அப்படி இல்லை சேர். கொழும்பு மாடிக்கு நாங்கள் போடும் பைலின் முதல் வேலை, மேலிருந்து வரும் பாரத்தைக் கீழே இருக்கும் பாறைக்குக் கொண்டுபோவது. கடல் காற்றாலையைத் தாங்கும் ஒற்றைப் பெருங்குழாயான மொனோபைலுக்குக் கீழ்நோக்கிய பாரம் பெரிய தலையிடியே கிடையாது. காற்று மேலே தள்ள, அலை நடுவில் தள்ள, அது பக்கவாட்டில் சாயாமல் நிற்க வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்கக் கோடிக்கணக்கான தடவைகள் முன்னும் பின்னும் ஆட்டப்பட்டபடி. ஒவ்வொரு ஆட்டத்திலும் மண் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும், அதனால் தூண் நிரந்தரமாக எவ்வளவு சாயும் என்ற கணக்கு இன்னும் ஆய்வில் இருக்கும் விஷயம். இப்போது போடப்படும் பெரிய மொனோபைல்களின் விட்டம் 8 மீற்றரைத் தாண்டிவிட்டது. ஒரு குழாயின் குறுக்களவே இரண்டு மாடி வீட்டின் உயரம் வரும்.

இதைக் கணக்கிட நீண்ட காலமாகப் பாவித்த பி-வை முறை, அதாவது பைல் பக்கவாட்டில் நகர நகர மண் எவ்வளவு எதிர்க்கும் என்று காட்டும் வளைகோடுகள், எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க எண்ணெய்த் துறைக்காக டெக்சாஸ் பக்கம் செய்த சோதனைகளில் இருந்து. 1970களில் வெளியான அந்த ஆய்வுகளில், களிமண்ணுக்குப் போட்ட பைலின் விட்டம் ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர், மணலுக்குப் போட்டது 61 சென்ரிமீற்றர். நீளமும் மெலிவுமாக வளைகிற பைல்கள். அந்த வளைகோடுகளைக் கொண்டுபோய், வளையாமல் முழுசாகச் சுழன்று சாயப் பார்க்கும் ஒரு கட்டையான குழாய்க்குப் பொருத்தினால் எப்படிச் சரிவரும்? அதனால்தான் பீசா திட்டம் வந்தது. காற்றாலை நிறுவனங்களும் ஒக்ஸ்ஃபோர்ட், இம்பீரியல், டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்து, இங்கிலாந்தின் கவ்டனில் விறைப்பான களிமண்ணிலும் பிரான்சின் டன்கேர்க்கில் இறுக்கமான மணலிலும் 2 மீற்றர் விட்டம் வரையான பைல்களைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தார்கள். பக்கவாட்டு எதிர்ப்பு மட்டும் போதாது, பைலின் சுவரில் உருவாகும் திருப்பமும், அடியில் வரும் உராய்வும் திருப்பமும் சேர வேண்டும் என்று கணக்கு மாறியது. முறை ஆய்விதழ்களில் இருக்கிறது. மூன்றாம் வருட மாணவர் மடிக்கணினியில் பைதன் வைத்து எழுதிப் பார்க்கக்கூடிய கணக்கு இது. உள்ளே போட மண் தரவு வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கடலுக்கு இதிலும் ஒரு சிக்கல் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் நிலத்தின் கீழே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். கரையில் சிப்பியும் பவளமும் உடைந்து சேர்ந்த மணலும் உண்டு. இந்தச் சுண்ணாம்பு மணலின் துகள்கள் அழுத்தினால் நொறுங்கும், பைல் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிடும். 1980களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் நோர்த் ரேங்கின் எரிவாயு மேடைக்குப் பைல் அடித்தபோது, சுத்தியலுக்கு வேலையே வைக்காமல் பைல் தன் பாரத்திலேயே பல பத்து மீற்றர் கீழே போய்விட்டது. வழமையான மணலுக்குரிய உராய்வை நம்பிக் கணக்குப் போட்டவர்களுக்கு விழுந்த அடி அது. அதற்குப் பிறகு பேர்த்தில் இந்த மண்ணைப் பற்றியே ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் உருவானார்கள். கவ்டன் களிமண்ணிலும் டன்கேர்க் மணலிலும் கிடைத்த எண்களை அப்படியே தூக்கி மன்னாருக்கு வைக்க முடியாது, இங்கத்தைய மண்ணை இங்கேதான் யாராவது பார்க்க வேண்டும்.

அதற்கு செண்ட்ரிஃபியூஜ் (மண் மாதிரியை வேகமாகச் சுற்றி ஈர்ப்பைக் கூட்டும் இயந்திரம்) வாங்கச் சொல்லிக் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். (இருந்தால் நல்லதுதான். 100 மடங்கு ஈர்ப்பில் சுற்றினால், களிமண் இறுகக் கடலடியில் ஒரு வருடம் எடுப்பதை ஒரு மணித்தியாலத்துக்குள் பார்த்துவிடலாம்.) உங்கள் லேப்பில் இருப்பதை வைத்தே ஒரு மாணவர் ஆறு மாதத்துக்கு ஓடலாம். சுண்ணாம்பு மணலை நேரடி வெட்டுச் சோதனையில் வெவ்வேறு அழுத்தங்களில் வெட்டி, முன்னும் பின்னும் சல்லடையில் போட்டு எவ்வளவு நொறுங்கியது என்று அளக்கலாம். ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு வரும் வாயுவை வைத்துக் கார்பனேற் அளவு பார்க்கலாம். இரண்டையும் வைத்து ஒரு வரைபு போட்டால், இந்தத் தீவில் பலருக்கு உதவக்கூடிய ஒரு தாள் அது.

இனி தரவுப் பேச்சுக்கு வருகிறேன், உங்களில் பலருக்குக் கசக்கப் போவது இதுதான். துறைமுகத்துக்கும் மரைன் டிரைவ் கரைக்கும் செய்த போர்ஹோல் லொக்குகள் உங்கள் அலுமாரிகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. வேலை முடிந்து, பில் கட்டுப்பட்டு, கட்டடத்தில் ஆட்களும் குடியேறியாகிவிட்டது. ஆனாலும் ஒரு மாணவர் கேட்டால் "கிளையன்ட் கொன்ஃபிடென்ஷியல்". எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி இந்தத் தரவுக்காக ஒரு நிறுவனத்தின் படியை ஒரு தவணை முழுக்க ஏறி இறங்கி, கடைசியில் பாடப்புத்தக எண்களை வைத்தே ஆய்வை முடித்தாள். கிளையன்டின் பெயரை எடுங்கள், ஆள்கூற்றை மழுப்புங்கள், அவரிடம் ஒரு கடிதத்தில் அனுமதியும் கேளுங்கள். மண் படையும், ஆழமும், எஸ்பிடி எண்ணும் (குழாயை மண்ணுக்குள் இறக்க எத்தனை சுத்தியல் அடி தேவை என்ற கணக்கு), நீர்மட்டமும் இருந்தால் போதும். நெதர்லாந்து அரசு கடல் காற்றாலைக்கு ஏலம் விடும் முன்பே தன் செலவில் கடலடி ஆய்வு செய்து, முழு அறிக்கைகளையும் பகிரங்கமாகப் போடுகிறது. பிரித்தானியாவில் கடலடியை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட், காற்றாலை நிறுவனங்கள் எடுத்த அளவைத் தரவுகளை ஒரு பொதுத் தளத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே எந்தக் கம்பனியும் அதனால் இழுத்து மூடவில்லை.

இடத்தைக் கொடுக்கும்போது ஒழுங்காகக் கொடுங்கள். சேர்ந்து முதல் கிழமையே கேள்வி எழுத்தில் இருக்கட்டும். உங்கள் பக்கம் ஒருவரும் கம்பஸ் பக்கம் ஒருவரும் பொறுப்பாக இருக்க வேண்டும், "யாரிட்டயாவது கேளும்" என்றால் அந்தப் பிள்ளை ஃபோட்டோக்கொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் ஆறு மாதம் இருக்கும். மட்டக்களப்பில் இருந்தோ கிளிநொச்சியில் இருந்தோ வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்குபவருக்கு வாடகையும் பஸ் காசும் யார் தருவார்கள் என்று யோசித்து ஒரு கொடுப்பனவு வையுங்கள். அப்புறம், "சைட்டில பெண் பிள்ளைகளுக்கு வசதி இல்லை" என்ற சாட்டு இந்த இடத்துக்குச் செல்லாது, லேப்பில் கழிவறை இருக்கிறது. தெரிந்தவரின் மகனுக்கே இடம் போகும் வழக்கத்தை இதிலாவது விட்டுவிடலாம். முடிவில் வரும் கட்டுரையில் மாணவரின் பெயர் முதலில் வரட்டும்.

பயிற்சிப் பிரிவினரிடம் கேட்பது சின்ன விஷயம்தான்: லேப்பிலும் கணினியிலும் செய்த ஆய்வைப் பயிற்சிக் காலமாக முழுமையாக எண்ணுங்கள். பாதிக் காலம் சைட், மீதி ஆய்வு என்று பிரித்தாலும் எனக்குச் சம்மதம். டயறியில் "இன்று எத்தனை கியூப்" என்ற பக்கத்துக்குப் பதிலாக "இன்று எந்த வளைகோடு பொருந்தவில்லை, ஏன்" என்று எழுத இடம் விடுங்கள், மேற்பார்வைக்கு வருபவரும் அதை வாசிக்கட்டும்.

விருப்பமுள்ள நிறுவனங்கள், இடம் எத்தனை, எந்த லொக்குகளைத் தர முடியும் என்று அடுத்த பட்ச்சின் விண்ணப்பம் தொடங்கும் முன் துறைத் தலைவர்களுக்கு எழுதிவிடுங்கள். பழைய லொக்குகளில் பாதி கையெழுத்தில்தான் இருக்கும், எனக்குத் தெரியும். அவற்றை எக்செலில் ஏற்றச் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன், என்னோடு வேலை செய்யும் இன்னும் இருவரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கொழும்பில் மண் பரிசோதனை செய்யும் ஒரு பொறியியலாளர்