டரான்டுலா விற்பவர்களே, அந்தச் சதவீதத்தை அழித்துவிடுங்கள்

டரான்டுலா சிலந்திகளை விற்பவர்களுக்கும், கூடவே பராமரிப்புக் குறிப்பு அச்சிட்டுத் தருபவர்களுக்கும் வணக்கம்.

எந்த இனத்தை வாங்கினாலும் குறிப்பில் அதே வரிதான்: வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். புதிதாக வளர்க்க வந்தவருக்கு அது வேதவாக்கு. நீங்களே விற்ற ஹீட் மேட்டை, அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பை, சிலந்திப் பெட்டிக்கு அடியில் வைக்கிறார். உடனே ஈரப்பதமானியின் முள் இறங்குகிறது. இறங்காமல் என்ன செய்யும்? 20 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை அப்படியே 30 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீர் குறையாமலே அது 45 சதவீதம் அளவுக்கு வந்துவிடும். அவர் பதறிப்போய் காலையும் மாலையும் நீர் தெளிக்கிறார், ஈரம் தப்பாதிருக்கக் காற்றுத் துளைகளை டேப் ஒட்டி அடைக்கிறார். விரைவிலேயே சுவரெங்கும் முத்து முத்தாக நீர், மண்ணில் வெள்ளைப் பூஞ்சணம். தரையில் கால் வைக்கப் பிடிக்காமல் மேல் மூலையில் தொற்றிக்கொண்டிருக்கிறது சிலந்தி.

டரான்டுலா மூச்சு விடுவது வயிற்றடியில் உள்ள இரண்டு ஜோடி புத்தக நுரையீரல்களால், அதாவது புத்தகத் தாள்போல் அடுக்கடுக்காக இருக்கும் மூச்சு உறுப்புகளால். அதற்கு வேண்டியது ஓடும் காற்று, புழுக்கம் அல்ல. மார்ட்டினிக் தீவின் கரிபெனா வெர்சிகலர் என்ற டரான்டுலா இனத்தின் குஞ்சுகள் காற்றோட்டமில்லாத ஈர டப்பாவில் மடிவது வளர்ப்பவர்களிடையே பழைய கதை.

அடியில் வைக்கும் ஹீட் மேட் இன்னும் மோசம். வெயில் மேலிருந்து வரும், தப்பிக்க வேண்டுமானால் கீழே தோண்ட வேண்டும் என்பதுதான் வளை வாழ் சிலந்திக்குத் தெரிந்தது. இங்கே அது தோண்டத் தோண்டச் சூட்டை நோக்கியே போகிறது. நமக்கு இதமாக இருக்கும் அறை பெரும்பாலான இனங்களுக்கும் போதும். சற்றுக் குளிர்ந்தால் மெதுவாகத் தின்னும், மெதுவாக வளரும், அது நோயல்ல. கடுங்குளிர் என்றால் பெட்டியை விட்டுவிட்டு அறையைச் சூடாக்கச் சொல்லுங்கள்.

குறிப்பில் எழுத வேண்டியவை வேறு. தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். அதற்குள் அழுக்கு சேர்க்கும் ஸ்பாஞ்ச் வேண்டாம். ஈரம் தேவைப்படும் இனமானால், ஒரு மூலையில் மண்ணுக்குள் இறங்குமாறு நீர் ஊற்றி, மறுபக்கத்தைக் காயவிட்டால் போதும். எங்கே இருப்பது என்பதைச் சிலந்தி முடிவு செய்துகொள்ளும். மழைக்காட்டுத் தெரபோசா பிளாண்டிக்கு ஆழமான ஈர மண் வேண்டும். சிலி நாட்டு கிராமோஸ்டோலா ரோசியாவோ ஈர மண்ணில் நுனிக்காலில் நடக்கும், அதற்கு உலர்ந்த தரையும் கிண்ணமுமே போதும். குஞ்சுகள் விரைவில் நீரிழக்கும் என்பதால் அவற்றுக்கு ஒரு பக்கமாவது ஈரம் காக்க வேண்டும். வயிறு சுருங்கினால் தாகம் என்று பொருள். கால்கள் உடலுக்கடியில் மடங்கத் தொடங்கினால் நிலைமை முற்றிவிட்டது, ஏனென்றால் அது காலை நீட்டுவதே உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான். இந்த அடையாளங்களை எந்த மானியும் காட்டாது. மலிவான முள் மானிகள் ஈரப்பதத்தையே சரியாகக் காட்டுவதில்லை.

ஹீட் மேட்டில் உங்களுக்கு நல்ல லாபம் என்பது புரிகிறது. ஆனாலும் தொடக்கத் தொகுப்பிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிச் சென்றவர்களுக்கு, பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிலந்தி வளர்க்கும் வாடிக்கையாளர் ஒருவர்