பைத்தான் 3-க்கு மாறும் தேதியைச் சொல்லுங்கள்

எங்கள் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைமைக்கு வணக்கம்.

பைத்தான் 2 என்ற பழைய நிரல்மொழிப் பதிப்பில் எழுதிய பில்லிங் மென்பொருளை பைத்தான் 3-க்கு மாற்றும் வேலையை மறுபடியும் தள்ளிப்போட்டுவிட்டு, டாதான் (Tauthon) என்ற ஃபோர்க்கில், அதாவது பைத்தான் 2-இலிருந்து வேறு சிலர் தனியாகப் பிரித்து வளர்த்த பதிப்பில், ஓட்டலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். பழைய கோடு (நிரல்) அப்படியே ஓடும், புது வசதிகளும் கிடைக்கும் என்கிறீர்கள். பழைய கோடு அப்படியே ஓடுவதுதான் எங்கள் பிரச்சினையே.

செல்லம்மாள் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் அது 11 குறிகள் (புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் குறிகள்). அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 33 பைட். பைத்தான் 2-இன் சாதாரண சரம் (string, உரையை வைத்திருக்கும் தரவு) எழுத்துகளை எண்ணாது, பைட்டுகளைத்தான் எண்ணும். பில்லில் பெயருக்கு 20 இடம் என்று யாரோ எப்போதோ எழுதிவைத்த வரி, அந்த அம்மாவின் பெயரை ‘செல்லம’ என்று வெட்டி, பாதியில் அறுந்த 2 பைட்டைக் கேள்விக்குறியாக அச்சிடுகிறது. பைத்தான் 3-இல் அதே வரி முழுப் பெயரையும் விட்டுவைக்கும். (அங்கேயும் நீளமான பெயரில் புள்ளி தனியாகப் பிரிய வாய்ப்புண்டு. ஆனால் பைட் உடைந்து குப்பையாகாது.)

வாடிக்கையாளர் கோபப்படுவது கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம். அவர் என்ன செய்வார்? பெயரை ஆங்கில எழுத்தில் ஏற்றத் தொடங்கிவிட்டார். தமிழ்நாட்டில், தமிழில் பில் தரும் மென்பொருளில், தமிழ்ப் பெயரைத் தவிர்ப்பதுதான் வழி என்றாகிவிட்டது. இதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. டாதான் பைத்தான் 2.7-இன் சரங்களை அப்படியே வைத்திருக்கிறது. பழைய கோடு உடையக் கூடாது என்பதற்காகவே பிறந்த ஃபோர்க் அது. அதனிடம் வேறு எதிர்பார்க்க முடியாது.

அதன் வரலாறும் உங்களுக்குத் தெரியும். 2016-இல் ‘பைத்தான் 2.8’ என்ற பெயரில் வந்தது. 2.8 என்று ஒன்று வராது என்று பைத்தான் குழு பெப் 404 என்ற தன் ஆவணத்தில் 2011-லேயே எழுதிவைத்திருந்தது. பெயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார்கள். எழுதியவர்களின் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் நாளை காலை யாரைக் கேட்பது? வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ, 2017-இல் வந்த 2.0-உடன் பைத்தான் 2-ஐக் கைவிட்டது. கணக்கீடுகளுக்கான நம்பை 2019-இல், லைப்ரரிகளை நிறுவித் தரும் பிப் 2021-இல். மொழிக்கு மட்டும் புது இலக்கணம் சேர்ந்து, இப்படிப்பட்ட லைப்ரரிகள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) எல்லாம் பழசாகவே நின்றுவிட்டால் எங்களுக்கு அதனால் என்ன பயன்?

ஃபோர்க் என்றாலே கெட்டது என்று சொல்லவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை சர்வரில் ஓட்டும் நோடிலிருந்து (Node.js) 2014 இறுதியில் பிரிந்த ஐஓ.ஜேஎஸ் என்ற ஃபோர்க், அடுத்த ஆண்டே நோட் 4-இல் திரும்பச் சேர்ந்தது. அங்கே பிரிந்து போனவர்களே நோடின் முக்கியப் பங்களிப்பாளர்கள். ஆள்பலம் இருந்தது, திரும்பி வரும் வழியும் இருந்தது. இங்கே இரண்டும் இல்லை.

நேரமில்லை என்ற பதிலை மட்டும் தயவுசெய்து மறுபடி சொல்லாதீர்கள். 2015-இல் முடிய வேண்டிய பைத்தான் 2-ஐ உலகத்துக்காக 2020 வரை நீட்டித்தார்கள். அந்த அவகாசமும் போய்விட்டது. இந்தத் துறையில் புதிதாக ஒன்றைத் தொடங்க உடனே பணம் கிடைக்கிறது, ஓடிக்கொண்டிருப்பதைச் சரிசெய்யக் கேட்டால் மட்டும் அடுத்த காலாண்டு என்கிறார்கள். நாளைக்கு இந்த ஃபோர்க்கிலிருந்து வெளியேறும் வேலையும் எங்கள் தலையில்தான் விழும், பைத்தான் 3-க்கு மாறும் வேலையோடு சேர்த்து.

சரி, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. வாடிக்கையாளர் பெயர், முகவரி, பில் அச்சு, இந்த மூன்றையும் முதலில் பைத்தான் 3-க்கு எடுப்போம். அதற்கு எங்கள் குழுவில் இரண்டு பேரை ஒதுக்கித் தாருங்கள். மீதிக்கு ஒரு தேதி சொல்லுங்கள். அதுவரை டாதான் சுற்றறிக்கையை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பில்லிங் குழுவிலிருந்து ஒருவர்