ஜாகுவாரா, போர்ஷேயா?

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பேத்தி எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கிறாள் என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். மல்லிகாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது என்னைவிடத் தெளிவாகப் பார்க்கிறாள்.

கோவென்ட்ரி அருங்காட்சியகத்தில் ஜாகுவார் இ-டைப் காரைப் பார்த்துவிட்டு, இதற்கு ஈடு உண்டா என்று கேட்டிருக்கிறாய். அழகில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதை வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையில் பயின்றவர்; அந்த வளைவுகளைக் கணக்குப் போட்டே வரைந்தார். 1961 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் ஓட்டிப் பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒரு கார் போதாமல், ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் கோவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக இன்னொன்றை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தாரே, அந்தக் கதை எனக்கு எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது. 3.8 லிட்டர் என்ஜின், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், மணிக்கு 150 மைல் வேகம் என்ற அறிவிப்பு. அதுவும் ஃபெராரியைவிட எவ்வளவோ குறைந்த விலைக்கு!

ஆனாலும் என் மனம் போர்ஷே 911 பக்கம்தான். 1963-இல் பிராங்பேர்ட் கார் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வந்தபோது அதற்கு வெறும் இரண்டு லிட்டர் என்ஜின், 130 குதிரைத்திறன். அந்த என்ஜினும் பின்சக்கரங்களுக்கு அப்பால் தொங்கியது. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசிவிடும். என்ஜினை இடம் மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும், அவர்கள் மாற்றவில்லை. பின்பாரத்துக்கு ஈடாக முதலில் முன் பம்பரின் இரு முனைகளிலும் 11 கிலோ எடைக்கட்டிகளை வைத்தார்கள். பிறகு 1968-இல் பின்சக்கரங்களையே 57 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினார்கள். அந்தத் திருத்தும் வேலை இன்றும் நிற்கவில்லை, என்ஜினும் இன்னும் பின்னால்தான் இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்த நாள் முதல் பழுது பார்த்தே பிழைத்தவன் நான். இந்தப் பிடிவாதம் என்னை உருக்குகிறது.

ஜாகுவாரிலும் திருத்தங்கள் நடந்தன. 1964-இல் 4.2 லிட்டர் என்ஜினோடு கியர்பெட்டியும் இருக்கைகளும் மேம்பட்டன. அதற்குப் பிறகு வந்தவையோ அமெரிக்கச் சட்டங்களுக்காக வந்தவை. முகவிளக்குகளின் கண்ணாடி மூடிகள் போயின, எடை கூடியது. 1971-இல் வைத்த 12 சிலிண்டர் என்ஜினாலும் பழைய கூர்மையைத் திருப்பித் தர முடியவில்லை. அவ்வளவு முழுமையாகப் பிறந்த காரில் மேற்கொண்டு என்னதான் செய்வது?

கோடையில் இருவரும் வாருங்கள். நொய்விர்ட்ஸ்ஹவுஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே போர்ஷே அருங்காட்சியகம். கொட்டகையில் துருவேறிக் கிடந்து 2014-இல் கண்டெடுக்கப்பட்ட 57 என்ற வரிசை எண் கொண்ட 901 காரை மூன்று ஆண்டு உழைத்து மீட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு உன் வாதத்தைச் சொல், கேட்கிறேன். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. மல்லிகா இப்போதே முறுக்குக்கு மாவு தேடுகிறாள்.

அன்புடன்,
ராமு