நானாவுக்கு: உம்மாவின் பேசின்

அன்புள்ள நானா,

உம்மாவின் வருஷ ஃபாத்திஹா வரும் வெள்ளிக்கிழமை என்று உங்கள் தங்கை மகன் சொன்னான். நான் வரமாட்டேன். போன வருஷம் ஜனாஸாவுக்கு வந்து பின்வரிசையில் நின்றேன். நீங்கள் பார்த்தீர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அதே வீட்டில் இன்னொரு முறை அப்படி நடந்தால் மரியாதைக் குறைவு உம்மாவுக்குத்தான்.

இரண்டு முறை தபாலில் எழுதினேன். இரண்டும் பிரிக்காமல் திரும்பி வந்தன. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். இங்கே எழுதினால் யாராவது உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள் என்று தெரியும்.

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய கதை சொல்லும் வேலையை விட்டுவிட்டேன் நானா. ஓய்வு பெற்றதிலிருந்து செய்துகொண்டிருந்தது. ஏற்பாடு செய்கிறவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. உண்மைக் காரணத்தை உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

பிள்ளைகளை எல்ஜின் பாலத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து நிற்க வைப்பேன். 1977 பிப்ரவரி 27, அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழா, பிரதமர் லீ குவான் இயூ பேசியது, பத்து வருஷத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று அவர் வைத்த கெடு, எல்லாம் சொல்வேன். அப்புறம் எண்கள். ஆற்றைச் சுத்தமாக்க வேறு வீட்டுக்குக் குடியேற்றப்பட்ட குடும்பங்கள் சுமார் 26,000. தெருவிலிருந்து எடுக்கப்பட்ட அங்காடிக்காரர்கள் ஏறக்குறைய 5,000. காலாங் பக்கம் மூடப்பட்ட பன்றிப் பண்ணைகள் 610, வாத்துப் பண்ணைகள் 500. 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்ட தொங்கான்கள், அந்தச் சரக்குப் படகுகள், சுமார் 800. எண்களைக் கேட்டுப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் நிற்கும்? இரண்டு நிமிஷத்தில் கால் மாற்றி நிற்கத் தொடங்கிவிடும். அப்போதுதான் உம்மாவின் பேசின் கதையை எடுப்பேன்.

பெயர் சொன்னதில்லை. "இந்தச் சந்தில் ஒரு பாட்டி இஞ்சித் தேநீர் விற்கும் சரபத் கடை வைத்திருந்தார், எச்சில் கிளாஸ் கழுவிய தண்ணீரை ஒரு பெரிய பேசினில் எடுத்து வந்து அப்படியே சாக்கடையில் கொட்டுவார், அது நேராக ஆற்றுக்குப் போகும்" என்பேன். பேசினைத் தூக்குவது போலக் கையை வைத்துக் காட்டுவேன். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தும், சிரிக்கும். ஆசிரியர்களுக்கும் அந்த இடம் பிடிக்கும்.

போன நவம்பரில் முன்வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒன்பது பத்து வயதிருக்கும், சிரிக்காமல் கேட்டாள். "அந்தப் பாட்டி ரொம்ப அழுக்கா இருப்பாங்களா?"

"அந்தக் காலம் அப்படிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாலத்துக்கு நடந்தேன்.

உம்மா அழுக்கா, நானா? வெள்ளைத் துப்பட்டியில் தே கறை ஒரு சொட்டு பட்டாலும் உடனே போய் அலசிக்கொண்டு வருகிறவர். என்னைப் பெற்ற அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் எனக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, உங்களோடு பள்ளிக்கு அனுப்பியவர். அப்படிப்பட்டவரைப் பற்றி ஒரு குழந்தை அப்படிக் கேட்க, நான் இல்லை என்று சொல்லவில்லை. அன்று இரவு தூங்கவில்லை.

அரசாங்க ஊழியனாக, கடையைக் காலி செய்யச் சொல்லும் காகிதத்தோடு சந்துக்கு நான் வந்த அந்த நாளைப் பற்றி நீங்கள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அன்று நீங்கள் அங்கே இல்லை. தோக்கியோ கப்பலில் இருந்தீர்கள். அதனால் நடந்ததை ஒரு முறை என் வாயால் கேளுங்கள்.

1983 முடியப்போகிற நேரம். செப்டம்பரில் தொங்கான்கள் போய்விட்டதால் போட் கீ படகுத்துறை வெறிச்சென்று இருந்தது. கண் வரைந்த படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்ற இடத்தில் வெறும் கறுப்புத் தண்ணீர். படகுக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் இல்லாமல் உம்மாவின் வியாபாரம் ஏற்கெனவே பாதியாகிவிட்டிருந்தது. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. என்னோடு ஒரு மேலதிகாரி வந்திருந்தார். அவரைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், அவர் பிள்ளைகள் படிக்கக்கூடும். அவர் குடையோடு சந்து முனையில் நின்றுகொண்டார். தமிழ்க் கடை என்பதால் நீ போ என்றார்.

உம்மா என் சட்டையைப் பார்த்தார், கையில் இருந்த கோப்பைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் இஞ்சி தட்டிப் போட்டுத் தே கலக்கிக் கொடுத்தார். குடித்து முடிக்கிற வரைக்கும் பேசவில்லை. பிறகுதான் "படி வாப்பா" என்றார்.

படித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும், புது உணவங்காடி நிலையத்தில் குலுக்கலில் கடை கிடைக்கும், வாடகை எவ்வளவு, எல்லாம். உம்மா தலையாட்டிக் கேட்டார். கையெழுத்துப் போட்டார். நீங்கள் சொல்லிக் கொடுத்த கையெழுத்து, நாலு எழுத்து.

பிறகு எழுந்து வேலையைப் பார்க்கப் போனார். கழுவிய தண்ணீர் நிறைந்த அலுமினியப் பேசினை இடுப்பளவுக்குத் தூக்கிக்கொண்டு சாக்கடை வரை நடந்தார், நாம் லோங்காங் என்போமே, அந்த ஓரம் வரைக்கும். ஊற்றப் போனவர் என்னைத் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டார். பேசின் கனத்தில் கை நடுங்கியது, தண்ணீர் விளிம்பில் தளும்பிக் காலில் சிந்தியது. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இத எங்க வாப்பா ஊத்துறது?"

என்னிடம் பதில் இல்லை. தெருக்கடைக்கு ஏது கழிவுநீர்க் குழாய்? அந்தச் சந்தில் சாக்கடையைத் தவிர வேறு இடமே கிடையாது. நான் தரையைப் பார்த்தேன். உம்மா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, மெதுவாக, சத்தமே வராதபடி ஊற்றினார்.

இதைத்தான் ஒன்பது வருஷம் பிள்ளைகளுக்கு முன்னால் கையைத் தூக்கி நடித்துக் காட்டினேன். உம்மா கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, ஊற்றியதை மட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காகிதத்தில் ஒரு வரியை நான் படிக்கவில்லை. கடைக்காரர்கள் வந்து தங்கள் தேவைகளைச் சொல்லலாம் என்று ஒரு கூட்டத்துக்கு நாள் போட்டிருந்தது. முனையில் மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஆறு கடை பாக்கி. கூட்டம் என்று சொன்னால் உம்மா உங்களைக் கேட்க வேண்டும் என்பார், நீங்கள் கரைக்கு வர இரண்டு மாதம் ஆகும். தாண்டிவிட்டேன். போயிருந்தாலும் குலுக்கல் குலுக்கல்தான், மாடியில், படிக்குப் பின்னால் இருந்த அந்த மூலைக் கடைதான் விழுந்திருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உம்மா தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். கீழ்த்தளம் கொடுங்கள், எனக்கு மூட்டுவலி என்று சொல்லியிருப்பார். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நானா, நீங்கள் சொல்கிற மற்றது எதையும் நான் ஏற்க மாட்டேன். "கவர்மெண்டுக்குக் காட்டிக்கொடுத்துக் கடையைப் பிடுங்கினான்" என்று சிராங்கூன் சாலையில் பத்து பேர் நடுவில் சொன்னீர்கள். என் மகள் கல்யாணத்துக்கு வராததற்கும் அதையே காரணமாகச் சொன்னீர்கள். நான் 24 வயதுக் கடைநிலை ஊழியன், அந்தச் சந்தைப் பட்டியலில் சேர்த்தது நானில்லை. அந்த ஆறு எப்படி நாறியது என்று உங்களுக்கு நினைவில்லையா? நீர் வற்றும்போது கறுப்புச் சேறு வெளியே தெரியும், அழுகிய முட்டை வாசம் மார்க்கெட் ஸ்ட்ரீட் வரைக்கும் வரும். செத்த நாயும் காய்கறிக் கழிவும் வற்றத்தில் கடலுக்குப் போகும், ஏற்றத்தில் அதே குப்பை திரும்பி வரும். கடல் ஏறி இறங்குகிற ஆற்றில் குப்பையை மட்டும் அள்ளிக்கொண்டிருந்தால் என்றைக்கும் தீராது. அள்ளியும் பார்த்தார்கள். மேலே விழுவதை நிறுத்தினால்தான் ஆறு தெளியும். வாத்துப் பண்ணை, பன்றிப் பண்ணை, படகு எண்ணெய், பட்டறை, தெருக்கடை, எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருந்தது. அதில் நம் உம்மாவின் பேசினும் இருந்தது. அந்த வேலை தப்பென்று நான் சொல்ல மாட்டேன், நீங்கள் என்னை எவ்வளவு திட்டினாலும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலாங் கரையில் தூண்டில் போடுகிறீர்கள். அனுமதித்த இடத்தில்தான், எனக்குத் தெரியும், இரண்டு முறை தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். 1977இல் கேட்டது அதைத்தானே நானா, ஆற்றில் மீன். 2008இல் ஆறு கடலில் சேரும் இடத்தில் மரீனா தடுப்பணையைத் திறந்தார்கள், இன்று நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்து மழை அந்த நீர்த்தேக்கத்துக்குள் வந்து சேர்கிறது. நீங்கள் தூண்டில் போடுகிற தண்ணீர்தான் சுத்திகரிக்கப்பட்டு உங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது. அதில் என் பங்கும் இருக்கிறது. அதை அனுபவித்துக்கொண்டே என்னைத் துரோகி என்பது நியாயமா?

இதை எழுதும்போதே கை நின்றுவிட்டது. அதில் என் பங்கு உண்டென்றால் உம்மாவின் பங்கு அதைவிடப் பெரிது. எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், பிறகு ஓய்வு வரை வேலை. ஆறு சுத்தமானதற்காக 1987 செப்டம்பரில் பத்து அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். உழைத்தவர்கள்தான், கொடுத்தது சரிதான். ஆனால் உம்மா இருபது வருஷ இடத்தைக் கொடுத்துவிட்டு, அந்தப் படிக்கட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கினார். 2020இல் நம் அங்காடி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது நாடே கொண்டாடியது. அன்று எனக்கு உம்மாவிடம் போக வேண்டும் போல இருந்தது. உங்கள் வாசலை நினைத்துப் போகவில்லை. அதற்கு நான் உங்களை மன்னிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

கடை மாறிய பிறகும் உம்மா என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. நோன்பு மாதத்தில் தூக்குச்சட்டியில் கஞ்சி வந்துகொண்டேதான் இருந்தது, நீங்கள் நிறுத்தச் சொல்கிற வரைக்கும். அந்தக் கடைசித் தூக்குச்சட்டி திருப்பிக் கொடுக்கப்படாமல் என் வீட்டில்தான் இருக்கிறது. நமக்குள் இருக்கிற இன்னொரு விஷயத்தை, பணம் சம்பந்தப்பட்டதை, இங்கே எழுத மாட்டேன். அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்.

போன வாரம் விடியற்காலையில் தனியாக ஆற்றங்கரைக்குப் போனேன். ஒரு படகில் இரண்டு பையன்கள் நீளக் கழியில் வலை கட்டி, மிதந்து வந்த பாட்டிலும் இலையும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பட்டுக்கோட்டைப் பக்கமாம். தினமும் ஆறு மணிக்கு முன்னால் தொடங்கிவிடுவார்களாம். ராத்திரி கடைகளில் குடித்துவிட்டுப் போட்டதெல்லாம் காலையில் வந்து நிற்கும் என்றான். இந்தப் பிள்ளைகளைப் பற்றியும் நான் ஒரு நாள்கூடப் பள்ளிக் கூட்டத்தில் சொன்னதில்லை. 1987இல் வேலை முடிந்துவிட்டது என்பதுபோலவே சொல்லி வந்திருக்கிறேன்.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். பிப்ரவரியில் ஒரு பள்ளி வருகிறது, வேறு ஆள் கிடைக்கவில்லை என்று நேற்றும் கூப்பிட்டார்கள். உம்மாவின் பெயரைச் சொல்லி, அவர் கேட்டதையும் சொல்லி, நான் தாண்டிய வரியையும் சொல்லி அந்தப் பிள்ளைகளிடம் பேச உங்கள் அனுமதி வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் போகமாட்டேன். முழங்கால் வலி அப்படியே இருக்கட்டும்.

தூக்குச்சட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் தங்கை மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அதை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள்.

உங்கள் தம்பி